கணக்கில் வராத உளவாளிகள்: 1986 விக்ரமை நாங்கள் ஏன் இன்னும் விடவில்லை

2022 ஜூன் 3ஆம் திகதி வந்த 'விக்ரம்' படத்தைத் தெரியாத ஆள் எங்கள் வயதில் கிடைப்பது கஷ்டம். லோகேஷ் கனகராஜ் இயக்கியது. கமல்ஹாசன், விஜய் சேதுபதி, பகத் பாசில், கடைசிச் சில நிமிடத்துக்கு சூர்யா. அந்த வருஷம் தமிழில் பெரிய வசூல் பார்த்த படங்களில் ஒன்று. ஆனால் அந்தப் பெயரும், அந்த டைட்டில் பாட்டும் புதுசு இல்லை. 36 வருஷத்துக்கு முன்னால், 1986 மே 29ஆம் திகதி, இதே கமல் இதே பெயரில் ஓர் உளவாளியாக வந்திருந்தார். தயாரிப்பு அவருடைய சொந்த நிறுவனம். இயக்கியவர் ராஜசேகர். கதை சுஜாதா. இசை இளையராஜா.

அந்தப் பழைய விக்ரமைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

நிறைய செலவு செய்து, நிறைய எதிர்பார்ப்போடு வந்த படம் அது. ஆனால் கமலின் வெற்றிப் படங்களைப் பட்டியல் போடுகிற யாரும் அதை மேலே வைப்பதில்லை. அதே 1986இல் வந்த 'புன்னகை மன்னன்' பற்றிக் கதைக்க ஆள் இருக்கு. அடுத்த வருஷம் வந்த 'நாயகன்' பற்றிச் சொல்லவே வேண்டாம். இந்த இரண்டுக்கும் பக்கத்தில் விக்ரமை நிறுத்தினால், கல்யாண வீட்டுக்கு மாறுவேடப் போட்டி உடுப்போடு வந்த தம்பி மாதிரித்தான் நிற்கும்.

எங்களுக்கு அந்தத் தம்பியைத்தான் பிடிக்கும். யட்டவத்தப் பக்கம் நாங்கள் ஒரு ஏழெட்டுப் பேர் இருக்கிறோம். வேறு வேறு வீடுகளில், வேறு வேறு வருஷங்களில், டிவியில் பாதியில் இருந்து பார்த்து, பிறகு முழுசாகத் தேடிப் பார்த்து, இன்னும் விடாமல் இருப்பவர்கள். கலைப்பீடத்தில் வரலாறு படிக்க வந்த பிறகு ஒரு கேள்வி எங்களைப் பிடித்துக்கொண்டது. ஓடவில்லை என்று கணக்கு முடித்து மூடிய ஒன்று எப்படி இவ்வளவு காலம் உயிரோடு இருக்கு? அதை உயிரோடு வைத்திருந்தது யார்?

முட்டாள் துப்பறிவாளன் எங்களுக்குப் புதுசு இல்லை

உளவாளிக் கதை என்றால் எல்லாரும் ஜேம்ஸ் பாண்டில் தொடங்குவார்கள். முதல் பாண்ட் படமான 'டாக்டர் நோ' 1962இல் வந்தது. அதே வருஷ ஒக்டோபரில்தான் கியூபாவில் ஏவுகணை வைத்த பிரச்சினையில் உலகமே அணுகுண்டு யுத்தத்துக்குக் கிட்டப் போய் வந்தது. பயம் அதிகமான காலத்தில், பயப்படாத ஒரு ஆளைத் திரையில் பார்ப்பது சனங்களுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். தமிழுக்கும் அந்தக் காற்று சீக்கிரமே வந்தது. சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் 1966இல் ஜெய்சங்கரை வைத்து 'வல்லவன் ஒருவன்' எடுத்தது, 1970இல் 'சி.ஐ.டி. சங்கர்' எடுத்தது. அவருக்குத் தென்னகத்து ஜேம்ஸ் பாண்ட் என்றே பெயர் விழுந்தது.

பாண்ட் வந்து மூன்றே வருஷத்தில் பாண்டைக் கிண்டல் பண்ணவும் ஆள் வந்துவிட்டது. 1965 செப்டம்பரில் அமெரிக்க டிவியில் 'கெட் ஸ்மார்ட்' தொடங்கியது. மெல் புரூக்ஸும் பக் ஹென்றியும் உருவாக்கிய தொடர், 1970 வரை 138 பகுதிகள். அதில் வரும் உளவாளி சப்பாத்தைக் கழற்றிக் காதில் வைத்து டெலிபோன் பேசுவான். ரகசியம் பேசுவதற்கென்று ஒரு கண்ணாடிக் கூடாரத்தைத் தலைக்கு மேல் இறக்குவார்கள், அதற்குள் இருப்பவர்களுக்கே ஒருவர் பேசுவது மற்றவருக்குக் கேட்காது. அரசாங்கம், ரகசியம், ஆயுதம் என்று சனங்களை மிரட்டுகிற எல்லாமே அதில் தடுக்கி விழும்.

ஆனால் இந்தச் சிரிப்புக்கு நாங்கள் அமெரிக்காவுக்குப் போகவே தேவையில்லை. அதற்கு வெகு முன்னாலேயே, 'ஆனந்த விகட'னில் தேவன் 'துப்பறியும் சாம்பு' எழுதிவிட்டார். தேவன் என்கிற ஆர். மகாதேவன் 1957இல் இறந்துபோனார், 'கெட் ஸ்மார்ட்' அதற்கு 8 வருஷம் கழித்துத்தான் வருகிறது. சாம்பு ஒரு பேங்க் குமாஸ்தா. மண்டு என்று எல்லாரும் நினைக்கிற ஆள். தடுக்கி விழுந்து, தப்பான வீட்டுக்குள் போய், உளறிக்கொட்டி, கடைசியில் கேஸைக் கண்டுபிடித்துவிடுவான். பொலிஸுக்குத் தெரியாதது அவனுக்குத் தெரிந்துவிடும். எப்படி என்று அவனுக்கே தெரியாது.

சாம்புவைக் கவனித்தால் இந்த வகைக் கதையின் அடிப்படை விளங்கும். சாதாரண உளவாளிக் கதையில் எல்லாம் தெரிந்த ஒருவன் அதிகாரத்தின் உத்தரவோடு உள்ளே போவான். உளவாளிக் காமெடியில், யாரும் கணக்கில் எடுக்காத ஒருவன் எப்படியோ அதிகாரத்தின் அறைக்குள் வந்து நின்றுவிடுவான். சிரிப்பு வருவது அங்கேதான். உடம்பெல்லாம் கோட்டு சூட்டுப் போட்ட பெரிய மனுஷர்கள் நடுவில் ஒரு குமாஸ்தா. இந்த ஒரு விஷயத்தைக் கையில் வைத்துக்கொண்டு விக்ரமுக்கு வருவோம்.

சலாமியாவில் ஒரு மொழிபெயர்ப்பாளன்

கதை இதுதான். 'அக்னிபுத்திரன்' என்ற ஏவுகணையைக் கடத்திவிடுகிறார்கள். வில்லன் சுகிர்தராஜாவாக சத்யராஜ். அதை மீட்க விக்ரமைக் கூப்பிடுகிறார்கள். அவனுடைய மனைவியாக வரும் அம்பிகாவைக் கொன்றுவிடுகிறார்கள். கம்ப்யூட்டர் தெரிந்த பிரீதியாக லிஸி கூட வருகிறார். ஏவுகணையைத் தேடி இரண்டு பேரும் சலாமியா என்ற நாட்டுக்குப் போகிறார்கள். அப்படி ஒரு நாடு உலகத்தில் இல்லை. ராஜஸ்தான் மணலில் உண்டாக்கிய நாடு. அதற்கு 'ஷோலே' கப்பர் சிங் அம்ஜத் கான் ராஜா, டிம்பிள் கபாடியா இளவரசி. அந்த நாட்டுக்கென்றே இல்லாத ஒரு மொழியையும் உண்டாக்கினார்கள்.

இங்கே சுஜாதா பற்றி ஒரு வார்த்தை. அவர் எழுத்தாளர் மட்டும் இல்லை, பெங்களூரில் பாரத் எலக்ட்ரானிக்ஸில் வேலை பார்த்த இன்ஜினியர். இந்தியாவின் மின்னணு வாக்கு இயந்திரத்தை உருவாக்கிய வேலையில் முக்கியமான பங்கு அவருடையது. படம் எடுத்துக்கொண்டிருக்கும்போதே கதை 'குமுத'த்தில் தொடராகவும் வந்தது. ஏவுகணை, கம்ப்யூட்டர் என்று 1986இல் தமிழ்ப்படத்தில் கதைத்தது விளையாட்டுக்கு இல்லை. இந்தியாவின் ஏவுகணைத் திட்டம் 1983இல்தான் தொடங்கியிருந்தது. நிஜமான அக்னி ஏவுகணையை முதல் தடவை ஏவிப் பார்த்தது 1989 மே 22ஆம் திகதி. படத்தின் அக்னிபுத்திரன் அதற்கு 3 வருஷம் முந்திவிட்டான்.

முதல் பாதி ஒழுங்கான உளவாளிப் படம். வேகமாகப் போகும். சலாமியாவில் கால் வைத்ததும் படம் வேறு ஏதோ ஆகிவிடும். அரண்மனை, ஆட்டம், விசித்திரச் சடங்கு, சிரிப்பு. விமர்சனம் பண்ணுகிறவர்கள் பிடிக்கிற இடமும் இதுதான்: "நல்லாப் போன படம், சலாமியாவில போய்க் கெட்டுப்போச்சு." நாங்கள் இதை முழுசாக மறுக்க மாட்டோம். பாலைவனத்து மக்களை நாகரிகம் தெரியாதவர்களாகக் காட்டுவது இன்றைக்குப் பார்க்கக் கூச்சமாக இருக்கும். பெண் பாத்திரங்களுக்கு அறிவு இருக்கிறது என்று சொல்லிவிட்டு, அந்த அறிவுக்குக் கொஞ்ச வேலைதான் கொடுக்கிறார்கள். பாட்டுகள் கதையை நிறுத்தி வைக்கின்றன. எல்லாம் சரி.

ஆனால் சலாமியாவில் ஒரு ஆள் இருக்கிறார். ஜனகராஜ் நடித்த மொழிபெயர்ப்பாளர். அந்த அரண்மனையில் விக்ரமின் வீரத்துக்கு ஒரு பெறுமதியும் இல்லை, ஏனென்றால் அவன் கதைப்பது அங்கே யாருக்கும் விளங்காது. அவர்கள் கதைப்பது இவனுக்கு விளங்காது. பெரிய உளவாளியும் பெரிய ராஜாவும் நடுவில் நிற்கிற இந்த ஒல்லி மனுஷனின் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்கவேண்டும். கதையில் அவருக்குப் பெரிய இடம் இல்லை. ஆனால் அவர் வாயைத் திறக்காவிட்டால் கதையே நகராது.

யட்டவத்தயில் இருந்து பார்க்கிற எங்களுக்கு இது வெறும் காமெடி ட்ராக் இல்லை. இந்த நாட்டில் 1956இல் சிங்களம் மட்டும் அரச மொழி என்று சட்டம் வந்தது. 1987இல் 13ஆவது திருத்தம் தமிழும் அரச மொழி என்று சொன்னது. ஆனாலும் தோட்டத்து லயத்துக்கு வருகிற கடிதம் பல நேரம் இன்னும் ஒரே மொழியில்தான் வருகிறது. எங்களில் ஒருத்திக்கு 9 வயதிலேயே அந்த வேலை தொடங்கிவிட்டது. தபால் வந்தால் அம்மாயி கூப்பிடுவார், "ஏ புள்ள, இதுல என்னாம்மா போட்டிருக்கு, வந்து படி." அவள் எழுத்துக் கூட்டிப் படித்துச் சொல்லணும். ஒரு அலுவலகத்துக்குப் போனால் அங்கே இருக்கிறவர் கேட்பதை அம்மாயிக்குச் சொல்லணும், அம்மாயி சொல்வதை அவருக்குச் சொல்லணும். அம்மாயி கோபத்தில் சொன்னதை அப்படியே சொன்னால் வேலை நடக்காது. அதனால் கொஞ்சம் மாற்றிச் சொல்லணும். அங்கே இருந்து வருகிற அதட்டலையும் அப்படியே கொண்டுவந்தால் அம்மாயி அழும். அதையும் கொஞ்சம் மாற்றிச் சொல்லணும். ஒரு சின்னப் பிள்ளை இரண்டு பக்கத்தையும் ஏமாற்றி, இரண்டு பக்கத்தையும் காப்பாற்றி, ஒரு கையெழுத்தை வாங்கிக்கொண்டு வெளியே வரும். உளவாளி வேலை என்றால் வேறென்ன?

ஜனகராஜின் முழியைப் பார்த்துச் சிரிக்கிறபோது அவள் சிரிப்பு மட்டும் கொஞ்சம் நீளமாகப் போவதற்குக் காரணம் இதுதான்.

சாண்ட்விச் வாங்கி எண்ணிக்கை காட்டியவர்கள்

குறைந்த எண்ணிக்கையால் சாகப்போன ஓர் உளவாளிக் காமெடியை ரசிகர்கள் பிடித்து இழுத்த கதை ஒன்று அமெரிக்காவில் இருக்கு. அந்தத் தொடரும் கைக்குக் கை மாறி ஒரு பென்டிரைவில் எங்களிடம் வந்து சேர்ந்தது. பெயர் 'சக்'. ஜோஷ் ஷ்வார்ட்ஸும் கிறிஸ் ஃபெடக்கும் உருவாக்கியது, 2007 செப்டம்பர் 24இல் என்.பி.சி.யில் தொடங்கியது. சக் ஒரு எலக்ட்ரானிக்ஸ் கடையில் கம்ப்யூட்டர் திருத்துகிற பொடியன். பல்கலைக்கழகத்தில் இருந்து துரத்தப்பட்டவன். ஒரு ஈமெயிலைத் திறக்கப்போய், அரசாங்கத்தின் ரகசியம் எல்லாம் அவன் மண்டைக்குள் ஏறிவிடுகிறது. சாரா என்று சி.ஐ.ஏ.யில் இருந்து ஒருத்தி, கேசி என்று என்.எஸ்.ஏ.யில் இருந்து ஒருவர் அவனுக்குக் காவல். பகலில் கடை கவுன்டர், இரவில் உலகத்தைக் காப்பாற்றுவது. எங்கள் பாஷையில் சொன்னால், சாம்புவின் அமெரிக்கப் பேரன்.

தொடருக்கு நேரமும் சரியில்லை. முதல் சீசன் நடக்கும்போதே எழுத்தாளர்களின் வேலைநிறுத்தம் வந்து 13 பகுதிகளோடு நின்றது. திங்கள் இரவு எட்டு மணிக்கு வேறு பெரிய நிகழ்ச்சிகளோடு மோதவேண்டியிருந்தது. ரேட்டிங் இறங்கியது. 2009 வசந்தத்தில், இரண்டாம் சீசனோடு மூடிவிடுவார்கள் என்ற பயம் வந்தது.

ரேட்டிங் என்றால் என்ன என்று இங்கே சொல்லணும். நாட்டில் உள்ள எல்லா டிவியையும் யாரும் எண்ணுவதில்லை. தெரிந்தெடுத்த ஆயிரக்கணக்கான வீடுகளில் மீட்டர் வைத்து, அதில் இருந்து முழு நாட்டுக்கும் கணக்குப் போடுவார்கள். 30 கோடிக்கு மேல் சனம் உள்ள அமெரிக்காவிலும் அப்போது அப்படித்தான். மீட்டர் இல்லாத வீட்டில் நீங்கள் ஒரு தொடரை நூறு தடவை பார்த்தாலும் கணக்கில் பூச்சியம்தான். 'சக்' ரசிகர்களுக்கு இது விளங்கியது. "நாங்கள் பார்க்கிறோம், பார்க்கிறோம்" என்று கத்தி வேலையில்லை, எண்ணக்கூடிய ஏதாவது செய்யணும். தொடருக்கு விளம்பரம் கொடுக்கிற கம்பனிகளில் ஒன்று சப்வே. 2009 ஏப்ரல் 27ஆம் திகதி, சீசனின் கடைசிப் பகுதி போகிற நாளில், எல்லாரும் சப்வேக்குப் போய் ஒரு சாண்ட்விச் வாங்கி, 'சக்' தொடருக்காக வாங்கினோம் என்று சொல்லிவிட்டு வருவது என்று முடிவெடுத்தார்கள். கதாநாயகன் சக்கரி லீவை இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் நூற்றுக்கணக்கான ரசிகர்களோடு கடைக்குப் போய், கவுன்டருக்குப் பின்னால் நின்று தானே சாண்ட்விச் போட்டுக் கொடுத்தார். அடுத்த மாதமே, சப்வேயின் விளம்பர ஒப்பந்தத்தோடு மூன்றாம் சீசன் உறுதியானது. முதலில் 13 பகுதிகள் என்று சொல்லி, பிறகு 19 ஆனது. கடைசிப் பகுதி வந்தது 2012 ஜனவரி 27. மொத்தம் 91.

கேட்க நல்ல கதைதான். ஆனால் அதில் ஒரு கசப்பும் இருக்கு. அவர்களுடைய அன்பை அன்பாக யாரும் எண்ணவில்லை. காசாக மாற்றிக் காட்டிய பிறகுதான் எண்ணினார்கள். சாண்ட்விச் வாங்கக் காசு இருந்தவர்கள் எண்ணப்பட்டார்கள். இல்லாதவர்கள் மறுபடியும் கணக்குக்கு வெளியேதான்.

எங்கள் வீட்டு டெக்கை எண்ணியது யார்?

தமிழ் சினிமாவுக்கு அப்போது மீட்டர் இல்லை, நாள் கணக்குத்தான். 50 நாள், 100 நாள், வெள்ளிவிழா என்றால் 175 நாள். தியேட்டரில் எத்தனை நாள் ஓடியது என்பதே படத்தின் தலையெழுத்து. எழுதப்பட்ட சினிமா வரலாறுகள் பெரும்பாலும் அந்த எண்களில் இருந்து செய்யப்பட்டவைதான்.

இந்தக் கணக்கில் எங்கள் வீடுகள் எங்கே? இலங்கையில் டிவி வந்தது 1979இல், ஐ.டி.என். மூலம். ரூபவாஹினி 1982 பெப்ரவரி 15இல் தொடங்கியது. இரண்டிலும் தமிழுக்குக் கிடைத்தது கொஞ்ச நேரம்தான். சக்தி டிவி வந்தது 1998இல். இடைப்பட்ட காலத்தில் தோட்டத்துக்குத் தமிழ்ப்படம் வந்த வழி டெக். டவுனில் இருந்து டிவியையும் டெக்கையும் கசெட்டையும் வாடகைக்கு எடுத்துக்கொண்டு வருவார்கள். கல்யாணம், சடங்கு, திருவிழா என்றால் இரவு முழுக்க மூன்று நாலு படம். வாசலில் டிவியை வைத்துவிட்டால் லயம் முழுக்க அங்கேதான். பாய் கொண்டுவருகிறவர்கள், சாக்கு விரிக்கிறவர்கள், நின்றுகொண்டே பார்க்கிறவர்கள். விடியக்காலையில் பிரட்டுக்குப் போகவேண்டியவர்கள் மட்டும் இடையில் எழும்பிப் போவார்கள்.

விக்ரம் மாதிரிப் படங்கள் எங்கள் பெற்றோரிடம் வந்து சேர்ந்தது இப்படித்தான். ஒரு கசெட், ஒரு டிவி, அறுபது எழுபது பேர். எந்த டிக்கெட்டும் கிழிக்கப்படவில்லை. எந்த 100 நாள் போஸ்டரிலும் அந்த இரவு சேரவில்லை. பிறகு டிவியில் மத்தியானப் படமாக வந்தபோதும் எங்கள் வீட்டில் மீட்டர் எதுவும் இல்லை. இன்றைக்கும் 'விக்ரம் ஓடவில்லை' என்று யாராவது சொன்னால் எங்களுக்கு முதலில் வருகிற கேள்வி, 'எங்க ஓடல்ல?' என்பதுதான்.

நாங்கள் ஒரு படத்துக்காக இவ்வளவு கோபப்படுகிறோமா என்று நீங்கள் நினைக்கலாம். எண்ணிக்கை என்பது மலையகத்தில் சின்ன விஷயம் இல்லை. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டம் வந்தபோது, எங்கள் பூட்டன் பூட்டிகள் ஒரு நாளில் எந்த நாட்டுக் கணக்கிலும் இல்லாதவர்கள் ஆனார்கள். 1964 ஒக்டோபர் 30இல் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் லால் பகதூர் சாஸ்திரியும் உட்கார்ந்து எங்களைப் பங்கு போட்டார்கள். 9,75,000 பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்ப்போம். 1974இல் அந்த மிச்சத்தையும் பாதி பாதியாகப் பிரித்தார்கள். அந்த மேசையில் எங்கள் ஆட்களிடம் கேட்க ஒரு மொழிபெயர்ப்பாளர் கூடத் தேவைப்படவில்லை. நாடற்றவர்கள் என்ற பிரச்சினைக்குப் பெரிய அளவில் முடிவு கட்டிய சட்டம் வர 2003 ஆனது.

எண்ணிக்கை எப்போதும் உண்மையைச் சொல்லும் என்று நம்புகிறவர்கள் இந்த வரலாற்றை ஒரு தடவை படிக்கணும். எண் பொய் சொல்லாமல் இருக்கலாம். ஆனால் யாரை எண்ணுவது, எங்கே நின்று எண்ணுவது என்று முடிவெடுக்கிற ஆள் ஒருவர் எப்போதும் இருக்கிறார்.

பயத்தைப் பார்த்துச் சிரிப்பது

இன்னொன்றும் சொல்லணும். 1986 எங்கள் நாட்டில் சிரிக்கிற வருஷம் இல்லை. 1983 ஜூலைக் கலவரத்தில் மாத்தளையும் எரிந்தது. 1979இல் வந்த பயங்கரவாதத் தடைச் சட்டம் நடைமுறையில் இருந்தது. அடுத்த வருஷம், 1987 ஜூலை 29இல் இந்திய – இலங்கை ஒப்பந்தம். அதோடு சேர்ந்து தெற்கில் கிளர்ச்சியும், அதை அடக்கிய பயங்கரமும். 2012 கடைசியில் மாத்தளை ஆஸ்பத்திரி வளவில் மண் தோண்டியபோது 150க்கும் மேற்பட்டவர்களின் எலும்புகள் வந்தன. எந்தக் காலத்து எலும்புகள் என்ற கேள்வியில் வழக்கும் வாதமும் நடந்தன. எங்கள் பெரியவர்களுக்கு உளவு என்ற சொல் படத்தில் வருகிற சொல் இல்லை. கதவைத் தட்டுவது யார், பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவன் யார், ஐ.சி. கையில் இருக்கா என்பதுதான் அவர்களுக்கு உளவு.

அப்படிப்பட்ட காலத்தில், ரகசியம் என்பதையே ஒரு கேலிக்கூத்தாக, ராஜாவையே கோமாளியாக, பெரிய ஏவுகணையை ஒரு மொழிபெயர்ப்பாளனின் வாயில் தொங்குகிற விஷயமாகக் காட்டிய படம் அவர்களுக்கு என்ன கொடுத்திருக்கும்? எங்கள் வீட்டு மனுஷர்கள் இப்படியெல்லாம் விளக்கம் சொல்ல மாட்டார்கள். "நல்லாச் சிரிச்சோம்" என்று மட்டும் சொல்வார்கள். எங்களுக்கு அது போதும். சிரிக்க முடியாத காலத்தில் நல்லாச் சிரித்தோம் என்று ஒருவர் 40 வருஷம் ஞாபகம் வைத்திருந்தால் அது ஒரு வரலாற்றுச் சான்று. எந்த ரேட்டிங்கும் அதைச் சொல்லாது.

ஏஜென்ட் டீனாவுக்கு வழி விட்டவர்கள்

2022 விக்ரமில் தியேட்டரையே எழும்பி நிற்க வைத்த ஓர் இடம் இருக்கு. (இன்னும் பார்க்காதவர்கள் இருந்தால் இந்தப் பந்தியைத் தாண்டிப் போங்க.) வீட்டு வேலை செய்கிற ஒரு பெண். படத்தில் பாதிக்கு மேல் பின்னால் நின்றுகொண்டிருப்பவர், நாங்களே ஒழுங்காகக் கவனிக்காதவர். வீட்டுக்குள் அடியாட்கள் நுழைகிற நேரம் அவர்தான் ஏஜென்ட் டீனா என்று தெரியவரும். அந்த வேடத்தில் நடித்த வசந்தியும் பல வருஷமாகப் பாட்டுகளில் பின்னால் நின்று ஆடியவர்.

புதுப் படம் காமெடி இல்லை. ரத்தமும் துப்பாக்கியும்தான். ஆனாலும் அதில் சனங்கள் உச்சிக்கு ஏற்றிக் கொண்டாடியது எதை என்று பாருங்க. கணக்கில் வராத ஆள் நடுவில் வந்து நிற்பதை. சாம்பு தொடங்கி வைத்த அதே பழைய வித்தை. எங்கள் தோட்டங்களில் இருந்து கொழும்பு வீடுகளுக்கு வேலைக்குப் போன அக்காமார் எத்தனை பேர் அந்தக் காட்சியைப் பார்த்தார்களோ, எங்களுக்குத் தெரிந்த ஒரு அக்கா மூன்று தடவை பார்த்தார். "அந்தப் பொம்பளைய யாருமே பாக்கலியே, அதுதான் அவ பலம்," என்று சொன்னார். விமர்சனம் எழுதுகிற நாங்கள் எல்லாரும் அந்த ஒரு வசனத்துக்குக் கீழேதான்.

பழைய விக்ரம் குறை இல்லாத படம் என்று நாங்கள் வாதாட வரவில்லை. அதை விட நல்ல படங்கள் கமலுக்கே நிறைய இருக்கு. ஒரு படம் வந்த வாரத்தில் விழுகிற எண், அந்த வாரத்துக்குச் சொந்தம். அதற்குப் பிறகு அந்தப் படம் எத்தனை வருஷம் வாழும் என்பதை, எண்ணப்படாத இடங்களில் உட்கார்ந்து பார்த்தவர்கள் முடிவெடுக்கிறார்கள். வாசலில் சாக்கு விரித்தவர்கள், பாதியில் எழும்பிப் பிரட்டுக்குப் போனவர்கள், மத்தியானம் டிவியில் பாதியில் இருந்து பார்த்துவிட்டு மீதியைப் பெரியவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்ட பிள்ளைகள். 36 வருஷம் அந்தப் பெயரை யாராவது வாயில் வைத்திருந்ததால்தான், 2022இல் அதை எடுத்து மறுபடி போட முடிந்தது.

அதனால் வாசிக்கிற உங்களிடம் ஒரு வேலை கேட்கிறோம். இந்தப் போயா லீவுக்கு வீட்டுக்குப் போனால் பெரியவர்களிடம் கேளுங்க. லயத்தில் டெக் எடுத்துப் போட்ட முதல் படம் எது? எந்த வருஷம், யார் வீட்டு விசேஷம், வாடகை எவ்வளவு, எத்தனை பேர் பார்த்தார்கள்? எந்த இடத்தில் எல்லாரும் சிரித்தார்கள்? கேட்டு ஒரு கொப்பியில் எழுதி வைங்க. எங்களை எண்ண யாரும் மீட்டர் கொண்டுவரப் போவதில்லை. நாங்களே எண்ணத் தொடங்கினால் என்ன?